திருப்பி அனுப்பிய நாய்க்கடுகு

1. மூன்று சிட்டிகை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சீஃப் கெமிஸ்ட் என் மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் மூன்று சிட்டிகை விதையைத் தனித்தனியாக வைத்தார். செம்பூரில் மூலிகை மருந்து செய்யும் கம்பெனி அது. நான் மாட்டுங்காவில் பி.எஸ்சி. பாட்டனி முடித்த கையோடு, தாராவியிலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தேன். தலையில் பூ, கையில் சர்ட்டிஃபிகேட், மனசுக்குள் பெரிய நினைப்பு.

"இதுல நாய்க்கடுகு எது? சொல்லுங்க பாப்போம்."

மூன்றும் கறுப்பாக, பொடிப்பொடியாகக் கிடந்தன.

"மூணும் கடுகுதான் சார்."

"அப்ப வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாளிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். மேஜை மேல் ஒரு லென்ஸை மட்டும் விட்டுப் போனார். சிடுமூஞ்சி மனிதர். ஆனால் அந்த லென்ஸுக்காக அவரை இன்றைக்கும் நல்லபடியாகவே நினைத்துக்கொள்கிறேன்.

லென்ஸை வைத்துப் பார்த்தபோது மூன்றும் மூன்று சாதி என்று தெரிந்தது. முதல் சிட்டிகை சமையல்கடுகு. உருண்டை, வழுவழுப்பு. இரண்டாவது கொஞ்சம் தட்டையாக, நத்தை ஓடு போலச் சுருண்டு, மேலே குறுக்குக் கோடுகளோடு இருந்தது. அதுதான் நாய்க்கடுகு. மூன்றாவது மறுபடியும் உருண்டை. ஆனால் மேல்தோல் முழுக்க வலைப்பின்னல், ஒரு முனையில் சின்ன மூக்கு. நகத்தால் நசுக்கினால் கடுகின் உள்ளே மஞ்சள். மூன்றாவதின் உள்ளே வெள்ளை.

மூன்றாவது பிரம்மதண்டு. கூட வேலை பார்த்த மராட்டிக்காரர்கள் அதைப் பிவளா தோத்ரா என்பார்கள், இந்திக்காரர்கள் சத்யானாசி என்பார்கள். நம் பக்கத்தில் குடியோட்டிப் பூண்டு என்று ஒரு பெயர் உண்டு. பெயரிலேயே ஜாதகம் எழுதியிருக்கிறது. அதன் எண்ணெய் சாப்பாட்டில் கொஞ்சம் கலந்து சில வாரம் உள்ளே போனால் போதும், கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் தளரும். சிலருக்குக் கண்ணும் போகும்.

எங்கள் முட்டிவலித் தைலத்துக்கு நாய்க்கடுகு வேண்டும். பிரம்மதண்டு எதற்கும் வேண்டாம். மூட்டையில் அது கலந்து வந்தால் லாட் முழுவதும் ரிஜெக்ட். என் வேலையின் பெரும்பகுதி இவ்வளவுதான். வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்துச் சொல்வது. சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. சரிவில்

விதை தெரிந்துவிட்டது, செடி தெரியவில்லை. காலேஜில் நான் பார்த்தது ஹெர்பேரியம் ஷீட்டில் ஒட்டிவைத்த சருகு. அதில் நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மழை ஓய்ந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மான்குர்த் பக்கத்துக் குன்றுச்சரிவுக்குத் தனியாகக் கிளம்பிப் போனேன்.

மண் காயத் தொடங்கியிருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி, உச்சியில் மஞ்சள் பூ. நான் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருட்டி நீ? செடிக்குள்ள மோந்துக்கிட்டுத் திரியுத?"

திரும்பினால், தலையில் சும்மாடு, இடுப்பில் அரிவாள், என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண்.

"கம்பெனில இருந்து வாறேன்க்கா. நாய்க்கடுகு பாக்கணும்."

"பாக்கதுக்கு என்ன இருக்கு, அது என்ன மாப்பிள்ளையா?" என்று சிரித்தாள். பிறகு என் பேச்சைக் கேட்டு, "எந்த ஊருட்டி ஒங்கப்பாவுக்கு?" என்றாள்.

"நாங்குநேரி."

"அப்ப நம்ம சனந்தான். இங்க வா."

அவள்தான் பேச்சியம்மா. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தாராவியில் தோல் கோடவுனில் வேலை பார்த்த புருஷன் செத்துப்போன பிறகு, கைப்பிள்ளை கணேசனோடு மான்குர்த்துக்கு வந்துவிட்டாள். சரிவில் கிடைக்கும் மருந்துச் செடிகளை அறுத்துக் கம்பெனி கேட்டில் விற்பாள். எங்கள் கம்பெனிக்கும் அவள் ஒரு வெண்டர்.

அன்றைக்கு நான் தெரிந்துகொண்டதை, இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இங்கே எழுதிவிடுகிறேன். நாய்க்கடுகைத் தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். தண்டு, இலை, காய் எல்லாவற்றிலும் மெல்லிய ரோமம் உண்டு, அதன் நுனியில் பிசின் உண்டு. ஒரு காம்பில் மூன்று இலைகள், கீழ்ப்பக்கம் ஐந்து. பூவுக்கு நான்கு இதழ். நான்கும் சுற்றிலும் விரியாமல், ஒரே பக்கமாக மேலே தூக்கி நிற்கும். காய் ஒல்லியாக, விரல் நீளத்துக்கு, வானத்தைப் பார்த்து நிற்கும். கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடி. கடுகுக்கு இது தூரத்துச் சொந்தம்தான், ஆனால் இந்த மண்ணில் பிறந்தது.

பிரம்மதண்டின் பூவும் மஞ்சள்தான். அது அகலமான பூ, பட்டுத்துணி மாதிரி இதழ். செடி முழுக்க முள். ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். அது கடல் தாண்டி வந்து குடியேறிய செடி. பூத்து நிற்கும்போது இரண்டையும் ஒரு குருடன்கூடத் தடவிப் பார்த்துப் பிரித்துவிடுவான். அப்போது இப்படித்தான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிற்பாடு அந்த வாக்கியத்தை என்னால் படிக்க முடியாமல் போயிற்று.

பேச்சியக்கா வெயில் ஏறுவதற்கு முன்பே அறுப்பாள். வெயில் பட்டால் காய் வெடித்து விதை சிதறிவிடும். பழைய சேலையில் குவித்துக் காயவைத்து, கம்பால் தட்டி, சொளவில் புடைப்பாள். அவள் விதையை உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. மூட்டைக்குள் கையை விட்டு, எடுத்து முகர்வாள். நெடி ஏறினால் சரக்கு சரி.

"ஒனக்குக் கண்ணாடி, எனக்கு மூக்கு. போவியா" என்பாள். 'ஏட்டி வசந்தா' என்று அவள் கூப்பிட்டால், ஆஃபீஸில் நான் மேடமாக இருந்ததெல்லாம் மறந்துபோகும். என் அக்காமார் இருவரும் ஊரோடு போய்விட்டார்கள். பம்பாயில் என்னை 'ஏட்டி' என்று கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள்.

3. மாசி மாத ஆர்டர்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு எங்கள் முட்டிவலித் தைலம் திடீரென்று ஓட ஆரம்பித்தது. போனைத் திறந்தால் அதன் விளம்பரம். கோடவுனில் இருந்த நாய்க்கடுகு தை மாதத்திலேயே தீர்ந்துவிட்டது.

பர்ச்சேஸ் மேனேஜர் சுந்தர் சார் எல்லா வெண்டருக்கும் போன் போட்டார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் செடி என்பது ஆர்டர் போட்டால் முளைக்கும் என்று நம்புகிறவர்.

"சார், இது ஐப்பசி, கார்த்திகையில வர்ற சரக்கு. இப்ப சரிவுல காஞ்ச குச்சிதான் நிக்கும்" என்றேன்.

"கிடைக்கறதக் கொண்டு வரட்டும் வசந்தா. செக் பண்றதுக்குத்தானே நீ இருக்கே."

மாசி மாதத்தில் அந்தச் சரிவில் நாய்க்கடுகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்ந்து நிற்கும். அதே நேரத்தில் பிரம்மதண்டு ஆயிரமாகக் காய்த்து நிற்கும். அதன் காய் முற்றினால் உச்சியில் வாய் திறந்துகொள்ளும். அடியில் துணியை விரித்து ஒரு கம்பால் தட்டினால் போதும், உப்புச் சீசாவைக் கவிழ்த்த மாதிரி விதை கொட்டும். நாய்க்கடுகில் நாள் முழுக்கக் கிடைப்பது இதில் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும்.

அந்த வாரம் வந்த ஒரு லாட்டை லென்ஸில் வைத்தேன். நத்தை ஓடுகளுக்கு நடுவே வலைப்பின்னல் விதைகள். ஒன்று இரண்டு இல்லை, பாதிக்குப் பாதி. அரைத்து எண்ணெய் எடுத்து நைட்ரிக் ஆசிட் விட்டதும் ஆரஞ்சுச் சிவப்பாக ஏறியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எங்கள் டிபார்ட்மெண்டுக்கு வரும் சாம்பிளில் லாட் நம்பர் மட்டும் இருக்கும், வெண்டர் பெயர் இருக்காது. ஆளைப் பார்த்துப் பாஸ் போடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. யாரோ எடைக்காகக் கலந்திருக்கிறான், படுபாவி என்று திட்டிக்கொண்டே ரிஜெக்ட் போட்டேன். போட்டுவிட்டு சுந்தர் சார் கேபினுக்குப் போனேன்.

"இத டிஸ்ட்ராய் பண்ணிடணும் சார். திருப்பி அனுப்பக் கூடாது. விஷம்."

"டிஸ்ட்ராய் பண்ணினா சரக்குக்கு நாமதான் காசு கொடுக்கணும். ரிஜெக்ட்னா ரிடர்ன். அதானே சிஸ்டம்?"

"அப்ப காரணத்தையாவது சொல்லி அனுப்புங்க."

"காரணம் சொன்னா அடுத்த தடவை அதை எப்படி மறைக்கறதுன்னு கத்துப்பா. இது நான் போட்ட ரூல் இல்லம்மா. உனக்கே தெரியும்." பேனாவை மூடிவிட்டு, "விஷத்தத் தெரிஞ்சு யாராவது திம்பாளா? தூக்கி எறிஞ்சுடுவா" என்றார்.

அந்த விதியில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. காரணத்தைச் சொல்லி, அதற்கு ஏற்ற மாதிரி கலப்படம் செய்யக் கற்றுக்கொடுத்த கதைகள் எங்கள் தொழிலில் உண்டு. நான் என் மேஜைக்குத் திரும்பிவந்து அடுத்த சாம்பிளை எடுத்தேன்.

4. துட்டி

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் ரேவதியின் போன் வந்தது. அவள் பேச்சியக்காவின் மருமகள். பம்பாயில் பிறந்து வளர்ந்த பெண், என்னை ஆன்ட்டி என்பாள். "ஆன்ட்டி, அவரு போயிட்டாரு" என்றாள். பிறகு அழுகைதான் கேட்டது.

கணேசன் டெம்போ ஓட்டுபவன். பாரம் ஏற்றி இறக்கி இரும்பு மாதிரி இருந்த உடம்பு. மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனான், இதயம் வீங்கிவிட்டது என்றார்கள், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. நான் துட்டி கேட்கப் போனபோது எரித்து வந்து சில நாள் ஆகியிருந்தது.

ஒற்றை அறை வீடு. படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு. பேச்சியக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொண்டு அழுதோம். அழுது ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோதுதான் அவள் காலைப் பார்த்தேன். இரண்டும் தூண் மாதிரி வீங்கி, தோல் சிவந்து பளபளத்தது. தொட்டால் சுட்டது. விரலால் அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது.

"என்னக்கா இது?"

"அழுதுக்கிட்டே உக்காந்திருந்தா நீர் எறங்கத்தான் செய்யும். விடு."

ரேவதி தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் காலும் வீங்கியிருந்தது. கொலுசு தோலுக்குள் புதைந்திருந்தது. ஒரு வீட்டில் ஒருவருக்குக் கால் வீங்கினால் அது உடம்பு. எல்லாருக்கும் வீங்கினால் அது அடுப்படி.

அப்போது பேச்சியக்கா விளக்கைக் காட்டினாள்.

"ஏட்டி வசந்தா, வெளக்கச் சுத்திப் பாரு. எம்புள்ள நிக்கான். கலர் கலரா வட்டம் போட்டு நிக்கான். நேத்துல இருந்து நிக்கான், போவ மனசில்லாம."

சுற்றி இருந்த பெண்கள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிகிறது என்றால் கண்ணுக்குள் பிரஷர் ஏறுகிறது என்று அர்த்தம். வீங்கிய கால், தளர்ந்த இதயம், விளக்கைச் சுற்றி வட்டம். முதல் வருஷம் நான் மனப்பாடம் செய்த பாடம் இந்த அறைக்குள் ஆளுக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தது.

ரேவதியை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போனேன். "என்ன எண்ணெயில சமைக்கீங்க?"

"கடலெண்ணெதான் ஆன்ட்டி."

"அது மட்டுந்தானா?"

"ரேட் ரொம்ப ஏறிடுச்சுல்ல? அதனால அதுல நம்ம எண்ணெயும் கலந்து ஊத்துறோம்." மூலையில் இருந்த டின்னைக் காட்டினாள். "கம்பெனில ரிட்டர்ன் பண்ணாங்கள்ல, நாய்க்கடுகு. வேஸ்டா போவுதுன்னு அத்தைதான் கானியில, அதான் செக்குல, குடுத்து ஆட்டச் சொன்னாங்க. பதினாறுக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க, அதுக்குன்னு இந்த டின்ன எடுத்து வெச்சிருக்கோம்."

என் கைப்பையில் லென்ஸ் எப்போதும் இருக்கும். தாளிக்கும் டப்பாவில் அந்த விதை ஒரு பிடி மிச்சம் இருந்தது. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் கொட்டினேன். வலைப்பின்னல். சின்ன மூக்கு. நகத்தால் நசுக்கினேன். வெள்ளை.

அது என் லாட். நான் ரிஜெக்ட் போட்ட லாட்.

மீதியை ரேவதி சொல்லச் சொல்லக் கேட்டேன். பேச்சியக்காவுக்கு முட்டிவலி, சரிவில் ஏற முடியவில்லை. கம்பெனி அவசரமாகக் கேட்கிறது என்று கணேசன் போயிருக்கிறான். அவன் அதற்கு முன் செடி அறுத்தவனில்லை. 'மஞ்சப்பூ, கடுகு மாதிரி விதை' என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அவன் போனபோது நாய்க்கடுகில் பூவே இல்லை. மஞ்சள் பூவும் கடுகு மாதிரி விதையும் உள்ள செடி ஒன்றுதான் நின்றது. முள்ளுக்குப் பயந்து கம்பால் தட்டிக் கொண்டுவந்ததை, வீட்டில் மிச்சமிருந்த பழைய நாய்க்கடுகு மூட்டையில் கொட்டிக் கலந்துவிட்டான். பேச்சியக்கா எப்போதும் போலக் கையை விட்டு முகர்ந்து பார்த்தாள். பழைய சரக்கின் நெடி ஏறியது. சரி என்றாள்.

மூட்டை திரும்பி வந்தபோது கணேசன் கேட்டில் ஏன் என்று கேட்டிருக்கிறான். "கீலா ஹோகா, ஔர் க்யா" என்றானாம் வாட்ச்மேன். ஈரமாக இருக்கும், வேறென்ன. முன்பு ஒருமுறை ஈரத்துக்காகத் திரும்பி வந்தது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. ஆகவே மொட்டை வெயிலில் நன்றாகக் காயவைத்து, புடைத்து, சுத்தம் செய்து, செக்காட்டிச் சாப்பிட்டார்கள்.

5. டாக்டர் கேட்ட கேள்வி

டின்னை என் காலடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் டாக்சியில் ஏற்றினேன். பேச்சியக்கா வரமாட்டேன் என்றாள். பதினாறு கழியாமல் படி தாண்டக் கூடாதாம். வெளக்க யாரு பாத்துக்கிடுவா என்று அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை விளக்கடியில் உட்காரவைத்துவிட்டுத் தூக்காத குறையாகக் கொண்டுபோனோம்.

கணேசனைப் பார்த்த அதே டாக்டரம்மா டியூட்டியில் இருந்தாள். சின்ன வயசு, மராட்டிப் பெண். லென்ஸையும் விதையையும் அவளிடம் கொடுத்து, எனக்குத் தெரிந்ததை இந்தியில் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் கேட்டேனே" என்றாள் ரேவதியைப் பார்த்து. "முதல் நாளே கேட்டேனே. சர்சோ கா தேல் காத்தே ஹோ க்யா என்று."

கடுகெண்ணெய் சாப்பிடுவீர்களா என்று அவள் கேட்டது உண்மைதான். பிரம்மதண்டு வழக்கமாகக் கலந்து வருவது கடுகெண்ணெயில். ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் இல்லன்னு சொன்னேன் ஆன்ட்டி. நம்ம ஆளுங்க சர்சோ சாப்பிட மாட்டோம்ல? அது பய்யா லோக், வடக்கத்திக்காரங்க சாப்பிடுறது. இது நம்ம நாய்க்கடுகுதான? அவங்க கேட்டது இதன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

யாரைக் குற்றம் சொல்வது? டாக்டரம்மா சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ரேவதி உண்மையான பதிலைச் சொல்லியிருக்கிறாள். கம்பெனியில் நானும் சரியாகத்தான் ரிஜெக்ட் போட்டிருக்கிறேன். ஆளாளுக்குச் சரியாகச் செய்து ஓர் ஆளைக் கொன்றுவிட்டோம்.

இருவரையும் அட்மிட் செய்தார்கள். எண்ணெயை நிறுத்தியதும் ரேவதியின் வீக்கம் மெதுவாக வடிந்தது, பிழைத்துக்கொண்டாள். பேச்சியக்காவுக்கும் இதயம் தப்பியது, கண் தப்பவில்லை. ஒரு கண் அடியோடு போயிற்று. இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும்தான். விளக்கைச் சுற்றி நின்ற வட்டமும் போய்விட்டது. அதற்காக அவள் அழுத அழுகையை என்னால் எழுத முடியவில்லை.

கம்பெனியில் நான் சும்மா இருக்கவில்லை. அந்த லாட்டின் கண்ட்ரோல் சாம்பிள், அதாவது ஒவ்வொரு லாட்டிலும் நாங்கள் எடுத்துப் பூட்டிவைக்கும் ஒரு பாட்டில், என் அலமாரியில் இருந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகள் கையில் அதைக் கொடுத்தேன். மேலிடத்தைக் கேட்காமல் கொடுத்ததற்காக எனக்கு மெமோ வந்தது. லேபிலிருந்து பேக்கிங் செக்ஷனுக்கு மாற்றினார்கள். லேபிள் கோணலாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சுந்தர் சார் ஒருநாள் என்னிடம் வந்து நின்றார். கோணலாக இருந்த ஒரு லேபிளைத் தானே பிய்த்து எடுத்துவிட்டுப் போனார். அடுத்த சீசனுக்கு முன்னால் ரூல் மாறியது. விஷம் கலந்த லாட்டை இனி திருப்பி அனுப்புவதில்லை, காசு கொடுத்து எரித்துவிடுவது. என்னையும் லேபுக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். விதையைப் பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

6. கேட்

அதன் பிறகு ரிட்டயர் ஆகும் வரை, எந்த மூட்டையை ரிஜெக்ட் செய்தாலும் நானே கேட்டுக்கு நடந்து போனேன். மூட்டைக்காரனை நிறுத்தி, தாளில் விதையைக் கொட்டி, லென்ஸை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். இது ஈரம், இது மண், இது பூச்சி, இது விஷம் என்று அவனுக்குத் தெரிந்த பாஷையில் சொல்வேன். வெண்டரிடம் கியூ.சி., அதாவது சரக்கைச் சோதிக்கும் நாங்கள், பேசக் கூடாது என்ற விதியை யாரும் எடுக்கவில்லை. நான் பேசினேன், யாரும் தடுக்கவில்லை. சிலர் அதைக் கேட்டுக்கொண்டு போய் நன்றாகவே கலப்படம் செய்யக் கற்றிருப்பார்கள். இருக்கட்டும். அவர்களைப் பிடிக்க லென்ஸ் இருக்கிறது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் செடியை அடையாளம் காண எத்தனையோ வழி கற்றுக்கொள்வீர்கள். இப்போது மெஷினே சொல்லிவிடுகிறது. ஆனால் இது என்ன விதை என்பது பாதிக் கேள்விதான். வேண்டாம் என்று நீங்கள் தள்ளியது எந்த வீட்டு அடுப்புக்குப் போகிறது என்பது மீதிப் பாதி. அதை எந்த மெஷினும் கேட்காது. நீங்கள்தான் கேட்டாக வேண்டும்.

பேச்சியக்காவை இப்போதும் பார்க்கப் போகிறேன். நான் இப்போது இருக்கும் சுனாபட்டியிலிருந்து மான்குர்த் ஒன்றும் தூரமில்லை. ரேவதி ஒரு தையல் யூனிட்டில் வேலைக்குப் போகிறாள், அத்தையை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருநாள், ரேவதி வெளியே போயிருந்த நேரம், பேச்சியக்கா என்னிடம் கேட்டாள். முகம் என் பக்கம் இல்லை, கதவுப் பக்கம் இருந்தது.

"அந்த மூட்டைய நீதான் பாத்தியா?"

"ஆமாக்கா."

"அன்னைக்கே தெரியுமா ஒனக்கு, வெசம்னு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்க்கா. ஆனா யாரு மூட்டைன்னு தெரியாது. நம்பர்தான் வரும், பேரு வராது. ஒங்க மூட்டைன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேன்."

அவள் விரலால் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"யாரு மூட்டையா இருந்தா என்ன மேடம்?" என்றாள். "அவிய வீட்டுலயும் சோறு திம்பாவள்லா?"

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். தண்ணீர் வேணுமாக்கா என்று கேட்டு எழுந்துகொண்டேன்.

இன்றைக்கும் போனால் உட்காரச் சொல்வாள், டீ போடச் சொல்வாள், என் முட்டிவலியை விசாரிப்பாள். ஏட்டி என்று மட்டும் கூப்பிடுவதில்லை. மேடம் என்றுதான் கூப்பிடுகிறாள்.